எடை நாற்காலியில் முப்பத்து மூன்றரை டிகிரி

உலக வரலாறு இனி இரண்டு பாகம் என்று பிரிகேடியர் லயனல் பேக்கன்தார்ப் அறிவித்தார். 2020 அக்டோபர் பதினேழு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன். பத்து மணிக்குப் பின். அந்தப் பத்து மணிக்கு, ஏழு மாத இருளைக் கிழித்துக்கொண்டு, நியூமார்க்கெட் நகரின் பேக்கன்தார்ப் குதிரைப்பந்தய அருங்காட்சியகம் தன் கதவுகளை மீண்டும் திறக்கும். மனித குலம் ஆளுக்கு ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டு வரிசையில் வரலாம்.

கதவுகள் என்று பன்மையில் எழுதியது பிரிகேடியர். கதவு ஒன்றுதான். மீன் வறுவல் கடைக்கும் பந்தயம் கட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே நான்கு அறைகள், ஒரு குதிரையின் முழு எலும்புக்கூடு, செத்த குதிரைகளின் குளம்பில் செய்த பதினேழு மைக்கூடுகள், பிரிகேடியரின் தாத்தா குதிரைமேல் இருக்கும் படங்கள் ஒன்பது, குதிரையிலிருந்து விழும் படம் ஒன்று. கடைசிப் படத்தின் பெயரட்டையில் மட்டும், தாத்தா குனிந்து தரையைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கும். ஊரில் அரண்மனை மாதிரி இன்னொரு பெரிய அருங்காட்சியகம் உண்டு. அதைத் தேடி வழி தவறியவர்கள் எங்களிடம் வருவார்கள். பதினாறு வருடமாக நான் இதன் நிர்வாகி. பெயர் ரொவீனா ஸ்டெப்பிங்.

அறிவிப்பை மின்னஞ்சலில் படித்ததும் எனக்கு அந்தக் கதவு திறக்கவே வேண்டாம் என்றிருந்தது. காரணம் வில்ஃப்.

வில்ஃப் என் கணவர். அறுபத்தொரு வயது. பதினைந்து வயதில் பந்தய லாயத்தில் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் வைக்கோல் உதறினார். அந்தத் தூசி அவர் நுரையீரலில் குடியேறிப் பட்டாவும் வாங்கிக்கொண்டது. மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் நின்று வானிலையைப் பற்றிப் பேசுவார், மூச்சு வாங்குவதை மறைக்க. மார்ச் கடைசியில் மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா கூப்பிட்டார். தேன் மாதிரிக் குரல்.

"மிஸ்டர் ஸ்டெப்பிங், உங்களுக்கு இந்தத் தொற்று வந்துச்சுன்னா மூச்சு மெஷின்ல வெக்கறதா வேண்டாமான்னு இப்பவே பேசிடறது நல்லது."

"வெப்பீங்களா?"

"வெச்சா, திரும்ப எடுக்க முடியாதுன்னு எங்களுக்குத் தோணுது."

"அப்ப வெக்க மாட்டீங்க."

"நீங்க ரொம்பத் தெளிவாப் புரிஞ்சுக்கறீங்க," என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் மனைவி வேலையை விட்டுவிட்டுச் சுங்கச்சாவடி ஆனேன். என்னைத் தாண்டாமல் ஒரு பால் புட்டிகூட வீட்டுக்குள் போகவில்லை. வெளியே போய் வந்தால் கார் கொட்டகையிலேயே துணியைக் களைந்து, வாளித் தண்ணீரில் குளித்து, பற்கள் தந்தியடிக்க உள்ளே ஓடுவேன். என் படுக்கை பின்னறைக்கு மாறியது. சாப்பாடு மேசையின் இரண்டு கோடிகளில்.

"ரோ, நான் என்ன தங்க முட்டையா? இப்படி அடைகாக்கற?"

"பேசாம சாப்பிடு. என் பக்கம் திரும்பிப் பேசாத."

அவருடைய இருமல் இருபது வருடமாக எங்கள் வீட்டு உறுப்பினர். காலையில் அதன் குரல் வேறு, மாலையில் வேறு, பொய் சொல்லும்போது வேறு. புதிய இருமல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. ஆயிரம் பழைய இருமலுக்கு நடுவில் புதியது ஒன்று வந்து உட்கார்ந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, அதை எண்ணியபடியே கோடைகாலம் முழுவதையும் கழித்தேன்.

காப்பீட்டுக்காரர்களின் விதிப்படி, மூடிய அருங்காட்சியகத்துக்குள்ளும் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மனிதப் பிறவி நடந்து பார்க்க வேண்டும். அந்தப் பிறவி நான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் தனியாகப் போய், விளக்கைப் போட்டு, அந்துப்பூச்சி இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். எலும்புக்கூட்டுக்குப் பயப்படும் வயது எனக்கு எப்போதோ போய்விட்டது. கதவுக் கைப்பிடிக்குத்தான் பயந்தேன். சொல்லப்போனால் அந்த எலும்புக்கூட்டிடம் மட்டும்தான் நான் முகத்துக்கு நேராக நின்று பேசினேன். மூச்சு விடாத பிராணி, அதனால் பத்திரமானது.

ஆகஸ்டில் அரசாங்கம், நுரையீரல் நோயாளிகள் இனி வெளியே வரலாம் என்று கடிதம் போட்டது. கிருமிக்கு அதன் நகல் போனதாகத் தெரியவில்லை. நான் வில்ஃபை வெளியே விடவில்லை.

செப்டம்பரில் பிரிகேடியர் கணினித் திரையில் தோன்றி, பெரிய அருங்காட்சியகம் திறந்துவிட்டது, நாம் தூங்குகிறோம் என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் தாத்தாவும் தோன்றினார்.

"ஐயா, வீட்டுல என் கணவருக்கு நுரையீரல்..." என்று ஆரம்பித்தேன். "வாசல்ல வேற யாரையாவது போட்டா நான் வீட்டுலேர்ந்து மத்த வேலையெல்லாம்..."

"மிஸஸ் ஸ்டெப்பிங், கேப்டன் கப்பலை விட்டு எறங்கலாமா?"

"அப்ப நீங்க யாரு ஐயா?"

"நான் அட்மிரல்," என்றார், யோசிக்காமல். தரைப்படையில் இருந்தவர் அவர்.

ஐம்பத்து நான்கு வயதில், மைக்கூடு துடைக்கத் தெரிந்தவளுக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடையாது. வாயை மூடிக்கொண்டேன். நாற்பத்து மூன்று பக்கத்தில் மறுதிறப்புத் திட்டம் வந்து சேர்ந்தது. தரையெங்கும் குதிரைப் படம் ஒட்ட வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு குதிரை நீளம். திட்டத்தின் மகுடம் பதினோராம் பக்கத்தில் இருந்தது. எங்களிடம் ஒரு பழைய எடை நாற்காலி உண்டு. ஜாக்கிகள் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு உட்கார்ந்து எடை காட்டும் நாற்காலி. சிவப்புத் தோல், பித்தளைச் சங்கிலி. அருங்காட்சியக ஊழியர் ஒவ்வொருவரும் காலையில் அதில் உட்கார வேண்டும், நெற்றியில் வெப்பமானி வைத்து நான் அளக்க வேண்டும், பிரிகேடியர் பதிவேட்டில் எழுதுவார். "பாரம்பரியமும் விஞ்ஞானமும் கைகுலுக்கும் இடம்," என்று எழுதியிருந்தார். கைகுலுக்குவது தடை செய்யப்பட்டிருந்த காலம் அது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வழிகாட்டிகள் மூன்று பேரும் ஓய்வுபெற்ற ஜாக்கிகள். ஜாக்கியை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்பது திருடனைச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது மாதிரி. அதில் உண்மையான எடையோடு உட்கார்ந்த ஜாக்கி இன்னும் பிறக்கவில்லை. எடை கூடினால் சவாரி போய்விடும், அதனால் எடைக்கு ஒரு பூட்ஸ், சவாரிக்கு ஒரு பூட்ஸ். எடைக்குப் போடுவது காகிதம் மாதிரி மெலிசாக இருக்கும். டாக்டர் விஷயம் இன்னும் மோசம். விழுந்து தலையில் அடிபட்டது என்று டாக்டர் எழுதிவிட்டால் மூன்று வாரம் குதிரை ஏற முடியாது. உன் குதிரையில் வேறொருவன் ஏறி ஜெயித்துவிடுவான். அதனால் எலும்பு உடைந்தாலும் சிரித்துக்கொண்டே வெளியே வருவது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஜாக்கிக்கு மட்டுமில்லை, லாயத்தில் வைக்கோல் உதறியவனுக்கும்தான்.

மூவரில் மூத்தவர் டின்னி கீகன். எழுபத்தெட்டு வயது. அயர்லாந்தில் வெக்ஸ்ஃபர்டிலிருந்து பதினைந்து வயதில் வந்தவர். காறை எலும்பு பதினோரு தடவை உடைந்தது. ஐந்தடி உயரம், அதில் பாதி கம்பியும் திருகாணியும். தனியாள். ஏழு மாதம் ஒற்றை அறையில் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தார் என்று நான் நம்பியிருந்தேன். புதன்கிழமை ஒத்திகைக்கு வந்தபோது மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். இரண்டு மணி நேரம் அந்த நான்கு அறைக்குள் பேசித் தீர்த்தார்.

"விழுந்தா டாக்டர் நாலு கேள்விதான் கேப்பாரு," என்று எலும்புக்கூட்டுக்குச் சொல்லிப் பழகினார். "இன்னிக்கு என்ன கிழமை, எந்த ஊரு, யாரு பிரதம மந்திரி, நீ ஏறின குதிரை பேரென்ன. மொதல் மூணுக்குப் பதில் கக்கூஸ் கதவுக்குப் பின்னாடி எழுதி வெச்சிருப்போம். குதிரை பேரு மட்டும் பையன் ஒருத்தன் ஜன்னல் வழியா கத்துவான்."

சனிக்கிழமை காலை மழை. காரில் வந்துகொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் டின்னி நனைந்துகொண்டு நின்றார். மார்ச்சிலிருந்து என் காரில் வேறு யாரும் ஏறியதில்லை. கால் தானாக வேகமிதியை அழுத்தியது, தாண்டியும் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தால், ஐந்தடி மனிதர் மேல் ஐந்தடி மழை. பின்னால் எடுத்தேன்.

"ஏறுங்க. பின் சீட்டு. நாலு ஜன்னலும் திறந்துதான் இருக்கும்."

"நீ மகராசி பொண்ணே."

வழியெல்லாம் இரண்டு கையாலும் தொப்பியைத் தலையில் அழுத்திப் பிடித்தபடி வந்தார். ஜன்னல் காற்றுக்கு என்று நினைத்தேன். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மழைக்கு என்று நினைத்தேன். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கிக் கிடந்தது.

"மூக்க மூடுங்க டின்னி."

"என் மூக்கு நாலு தடவ ஒடஞ்சது. எங்க மூடினாலும் ஒரு பக்கம் வெளிய நிக்கும்."

பிரிகேடியர் வாசலில் பதக்கங்களோடு, தலையைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு மாட்டி, மீன்தொட்டிக்குள் சிக்கிய தளபதியாக நின்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். டின்னி கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிடம் கழித்து வந்து, தொப்பியைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்தது, முகம் கல்லானது. நான் வெப்பமானியை நீட்டினேன்.

முப்பத்து மூன்றரை.

"முப்பத்து மூணரை!" என்று பிரிகேடியர் முழங்கினார். "பாத்தீங்களா மிஸஸ் ஸ்டெப்பிங்? எல்லாருக்கும் முப்பத்தாறு, இவருக்கு முப்பத்து மூணரை! அந்தக் காலத்து ஒடம்பு! இந்த இடத்துலயே ஆரோக்கியமான மனுஷன் இவருதான். எழுதிக்குங்க," என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லி, தானும் பதிவேட்டில் எழுதினார்.

முப்பத்து மூன்றரை டிகிரி ஆற்றிலிருந்து எடுத்த பிணத்துக்கு இருக்கும். நான் டின்னியின் நெற்றியைப் பார்த்தேன். அதில் வட்ட வட்டமாகக் குழி விழுந்திருந்தது, வரிசையாக. உறைய வைத்த பட்டாணிப் பொட்டலத்தைத் தொப்பிக்குள் வைத்து வந்த அச்சு. கழற்றிய தொப்பியிலிருந்து தரையில் ஒட்டிய குதிரைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

அவரை எலும்புக்கூடு அறைக்குக் கூட்டிப்போனேன். சட்டைக் காலருக்குக் கீழே, கழுத்தில், அவர் விலகுவதற்குள் வெப்பமானியை வைத்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஏழு. நல்ல காய்ச்சல்.

"என்னிக்கிலேர்ந்து?"

"என்ன என்னிக்கிலேர்ந்து?"

"டின்னி!"

"வியாழக்கெழம ராத்திரி கொஞ்சம்... இது காய்ச்சல் இல்ல பொண்ணே, பரபரப்பு. பெரிய பந்தயத்துக்கு முன்னாடி எனக்கு எப்பவும் சுடும்."

"நீங்க கார்ல ஏறும்போதே தெரியுமா?"

"தெரிஞ்சா நீ வீட்டுக்கு அனுப்பியிருப்ப. அனுப்பினா அந்தப் பயல் ஹார்கெட் என் குழுவையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருப்பான். அவனுக்கு ஒரு தேதி ஒழுங்காத் தெரியாது." ஹார்கெட் இரண்டாவது வழிகாட்டி, 1971-இல் டின்னி தலையில் அடிபட்டுக் கிடந்தபோது அவர் குதிரையில் ஏறி ஜெயித்தவர்.

"வீட்டுல வில்ஃப் இருக்காரு டின்னி. அவரு நுரையீரல் எப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் முகத்திலிருந்த கல் உடைந்தது. எலும்புக்கூட்டின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வில்ஃபுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் மெதுவாக. "நல்லாத்தான் இருக்கான்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... தெரியும்."

வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேலே கேட்க எனக்கு நேரமில்லை, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வியாழன் இரவு. அதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும் என்கிறார்கள். ஒத்திகை புதன். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் நான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஏழு மாதம் வாளித் தண்ணீரில் நடுங்கியது, இந்த மூன்று நாளுக்கு முன்னால் என்ன ஆயிற்று?

வெளியே ரிப்பன் வெட்டியாகிவிட்டது. வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குள் தகராறு: குதிரை நீளம் என்றால் வாலையும் சேர்த்தா என்று. நான் பிரிகேடியரிடம் போய், டின்னிக்குக் காய்ச்சல், உடனே மூட வேண்டும் என்றேன்.

"முப்பத்து மூணரைன்னு என் கையால எழுதியிருக்கேன்."

"பட்டாணி ஐயா."

"என்னது?"

"நீங்க எழுதினது பட்டாணியோட டெம்பரேச்சர்."

"மிஸஸ் ஸ்டெப்பிங், பயத்தப் பரப்பாதீங்க! என் தாத்தா காலரா வந்தப்பகூட..."

தாத்தா காலராவை என்ன செய்தார் என்பதைச் சரித்திரம் இழந்தது. அதற்குள் டின்னி அறை வாசலில் வந்து நின்று, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னார்: "மொதலாளி, எனக்கு நிக்க முடியல." பிரிகேடியர் பின்வாங்கிய தூரத்தை அளந்திருந்தால் நான்கு குதிரை இருக்கும். தன் காரில் ஏறி, கண்ணாடித் தடுப்போடு, கிராமத்து மாளிகைக்குப் போய்விட்டார். அட்மிரல் கப்பலை விட்டு இறங்கலாம் போலிருக்கிறது.

கதவைப் பூட்டிவிட்டு, டின்னியின் சோதனைக்குப் பதிவு செய்ய இணையதளத்தில் போட்டேன். மிக அருகிலுள்ள மையம் ஸ்காட்லாந்தில், நானூற்று இருபது மைல் என்று வந்தது. பிறகு ஒருவழியாகப் பக்கத்து ஊரிலேயே இடம் கிடைத்தது. திங்கள்கிழமை முடிவு: டின்னிக்கு நோய் உறுதி. செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸ். அவருக்கு வேறு ஆள் இல்லாததால் என் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்திருக்கிறோம், ஆனால் எப்படி இருக்கு என்று கேட்டால் "பிரமாதம், எப்ப வீட்டுக்குப் போகலாம்"னு மட்டும்தான் சொல்றார் என்றாள். அவர் சொல்வதை நம்பாதீர்கள், கருவி சொல்வதை நம்புங்கள் என்றேன்.

நான் சனிக்கிழமையே வீட்டுக்குப் போகவில்லை. பதினாலு நாள் யாரையும் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. அருங்காட்சியகத்தின் மேல்மாடி அலுவலகத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டேன். மீன் வறுவல் கடைக்காரர் வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டு மணியடித்து ஓடிவிடுவார்.

தொண்டை கரகரத்தால் நெஞ்சு நின்றது. கரகரக்காவிட்டால், மறைந்திருந்து வரப்போகிறது என்று நின்றது. ஒவ்வொரு மணி நேரமும் மைக்கூட்டுத் துடைப்பானுக்குப் போடும் எண்ணெயை முகர்ந்து பார்ப்பேன், மணம் தெரிகிறதா என்று. தெரியும். ஆனால் என் உடம்பு எக்கேடோ கெட்டுப் போகட்டும்; நான் கவனித்துக்கொண்டிருந்தது தொலைபேசி வழியாக வரும் அந்த இருமலை. காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் வில்ஃபைக் கூப்பிடுவேன்.

"இருமு."

"என்னது?"

"ஒரு தடவ இருமிக் காட்டு."

"ரோ, பைத்தியமா ஒனக்கு? அம்பது வயசுக்கு மேல புருஷன்கிட்ட கேக்கற வார்த்தையா இது?"

இருமிக் காட்டுவார். கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அது நேற்றைய இருமல்தானா, அடியில் புதிதாக ஏதாவது ஒலிக்கிறதா என்று யோசித்தே அரை நாள் போகும். டாக்டரம்மாவின் தேன்குரல் கூடவே கேட்கும்: வெச்சா எடுக்க முடியாது.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, பத்து நிமிடம் கழித்து, பதினான்கு தடவை. எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் ட்ராட்டரைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன். "கட்டில் காலியா இருக்கும்மா. பின்கதவு தொறந்து கெடக்கு," என்றாள். கழிப்பறையில் விழுந்து கிடக்கிறார். வேறென்ன? மாடிப்படியில், நடுப்படியில்.

உத்தரவை மீறி ஓடினேன். நோய் இருந்தால் ஊருக்கே பரப்பிக்கொண்டு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் குதிரைகள் கடந்துகொண்டிருந்தன. இந்த ஊரில் குதிரை கடந்தால் பிரசவத்துக்குப் போகிற காரும் நிற்கும். நாற்பது குதிரை. ஒவ்வொன்றும் அரசகுமாரி நடையில். கடைசிக் குதிரைமேலிருந்த பெண் என்னைப் பார்த்து, "என்ன மிஸஸ் ஸ்டெப்பிங், வில்ஃபு ஐயாவைத் தேடறீங்களா? வழக்கமான எடத்துலதான் இருக்காரு," என்றாள்.

வழக்கமான இடமா?

அவள் கை காட்டிய பக்கம், குதிரைகள் பயிற்சி ஓடும் வாரன் குன்றின் அடியில், வேலியோரம், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என் கணவர். மடியில் தொலைநோக்கி. காலடியில் ஃபிளாஸ்க். குன்றின்மேல் குதிரைகள் இரண்டிரண்டாகப் பாய்ந்து ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலி, ஆளில்லாமல்.

பத்தடி தூரத்தில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வேலியோரம் இருந்த வேறு இரண்டு கிழவர்கள் எழுந்து போய்விட்டதை வைத்துப் பார்த்தால் நன்றாகவே கத்தியிருக்கிறேன்.

"போனை வீட்டுல மறந்துட்டேன்," என்றார் வில்ஃப். "நேரத்துக்குப் போயிருப்பேன், இந்தச் சாம்பல் குட்டி ரெண்டாந்தரம் ஏறுதுன்னாங்க, அதப் பாத்துட்டுப் போலாம்னு..."

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

இந்தப் பதில் எனக்கு ஏற்கனவே தெரியும். டின்னியின் பதில். லாயத்தில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

"வில்ஃப்."

"மே மாசத்துலேர்ந்து," என்றார். "மொதல்ல நீ போற ரெண்டு நாளு மட்டும். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா... நீ காலைல கடைக்குப் போவல்ல, அப்ப. வெளிக்காத்துதானே ரோ."

"அந்த நாற்காலி யாருது?"

அவர் குன்றைப் பார்த்தார். குதிரை எதுவும் ஏறவில்லை, ஆனாலும் பார்த்தார்.

"டின்னியோடது."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். கைப்பிடிகளுக்குப் பயந்து ஏழு மாதம் வாழ்ந்தவள், ஊரே பிடிக்கும் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கடைசியா எப்ப வந்தாரு?"

"போன வியாழன். காலைல குளிருதுன்னான். டீ குடுத்தேன்."

"எதுல?"

"ஃபிளாஸ்க்குக்கு ஒரு மூடிதானே ரோ இருக்கு."

நான் அன்று பயந்த பயத்துக்குப் பெயர் கிடையாது. அதுவரை பயந்தது, என் கையால் அவரைக் கொன்றுவிடுவேனோ என்று. அதில் ஒரு சௌகரியம் இருந்தது; என் கை என் வசம், கழுவலாம். இப்போது கழுவ ஒன்றுமில்லை. காய்ச்சலில் நடுங்கும் மனிதனின் வாய் வைத்த மூடியில் அவரும் வாய் வைத்து முழுதாக ஏழு நாள் ஆகியிருந்தது. என்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற மடக்குக் கட்டிலில் நான் படுத்திருந்த அத்தனை நாளும், அவர் தனியாக ஒரு வீட்டில், விழுந்தால் எடுக்க ஆளில்லாமல்.

வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒளித்து வைக்கவும் ஒதுங்கி இருக்கவும் இனி ஒன்றும் இல்லை என்பதால் பின்னறையை விட்டு அவர் கட்டிலுக்கே திரும்பினேன். இருமலுக்கு இப்போது என் காது சுவர் தாண்ட வேண்டியதில்லை. அந்த டீ குடித்ததிலிருந்து எட்டாம் நாள், ஒன்பதாம் நாள். விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டி எண்ணைப் பார்ப்பேன். அவர் இடது விரலை நீட்டினால் வலது விரலைக் கேட்பேன். இவர்களை நம்ப முடியாது. பத்தாம் நாள் மதியம் "குளிருது" என்றார். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. ஜன்னல் திறந்திருந்தது, நான் திறந்து வைத்ததுதான். பன்னிரண்டு. பதிமூன்று. சோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"நான் சாகலன்னு ஒனக்கு வருத்தமா ரோ?"

"விரலக் குடு."

அக்டோபர் முப்பத்தொன்று, சனிக்கிழமை, எங்கள் கணக்கு முடிந்தது. அன்று மாலை பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, வரும் வியாழன் முதல் நாடு மறுபடி மூடப்படும் என்றார். பிரிகேடியர் ஆண்டறிக்கைக்கு மறுதிறப்பைப் பற்றி ஒரு பத்தி கேட்டார். அவர் சொன்ன தலைப்பு 'இருளில் ஏற்றிய விளக்கு'. திறந்திருந்த நேரம் நாற்பது நிமிடம், பார்வையாளர் இருவர், ஒருவர் கழிப்பறை கேட்டு வந்தவர் என்று எழுதி அனுப்பினேன். டின்னி மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து வந்தார், பாதி ஆளாக. பாதி ஆளாகத்தான் ஏற்கனவே இருந்தார் என்பதால் நிறையப் பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது. பிரமாதமாக இருப்பதாகச் சொல்கிறார்.

நவம்பர் நடுவில் வில்ஃபுக்கு நுரையீரல் மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனை. நடந்ததையெல்லாம் நான் அந்தத் தேன்குரல் டாக்டரம்மாவிடம் மூச்சு விடாமல் கொட்டினேன். ஒரே மூடியில் குடித்தும் எப்படித் தப்பினார் என்று அவருக்கும் ஆச்சரியம். எதற்கும் பார்ப்போம் என்று ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் கடிதம் வந்தது. நான் பிரித்து நீட்ட, வில்ஃப் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, இரண்டு முறை படித்தார்.

"ஓ," என்றார். "ரத்தத்துல நோய் ஏற்கனவே வந்துபோன அடையாளம் இருக்காம். அப்ப அது இதுதானா."

"எது?"

"ஏப்ரல்ல ஒரு நாலு நாளு. கொஞ்சம் காய்ச்சல் மாதிரி. முட்டைக்கு ருசியே இல்ல. நீ உப்பு மறந்துட்டேன்னு நெனச்சேன். நீயே பயந்து கெடந்த, எதுக்குச் சொல்லணும்னு தோட்டத்துக் கொட்டகைல போய்ப் படுத்துக்கிட்டேன். புல்வெட்டி ரிப்பேர்னு சொன்னேனே."

ஏழு மாதமாக நான் வாசலில் நின்று தடுத்த நோய் முதல் மாதமே வீட்டுக்குள் வந்து, நான்கு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தது.